ஒரு நார் மில்லின் தண்ணீர்க் கணக்கு

2018 ஆகஸ்டில் பித் என்னும் தென்னை நார்த்தூளை ஏற்றிக்கொண்டு கொரியாவுக்குப் போன எங்கள் கன்டெய்னர் ஒன்றைப் பற்றி ஏற்றுமதியாளர் தொலைபேசியில் சொன்னது இரண்டே விஷயம். உப்பு அளவு 0.5-க்குள் இருக்க வேண்டிய சரக்கில் 1.1 வருகிறது, விலையில் கால் பங்கைக் குறைத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். 25 டன் சரக்கு, ஐந்து கிலோ பிளாக்காக ஐயாயிரம் பிளாக். அதைத் திருப்பிக் கொண்டுவந்து என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாததால், பேச்சை வளர்க்காமல் ஒப்புக்கொண்டோம். ஒரே தொலைபேசி அழைப்பில் 90,000 ரூபாய் போயிற்று.

மூன்று தடவை அலசிய பித் அது. கடைசி அலசலில் ஆட்கள் அவசரப்பட்டிருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை, நீரில் உப்பு கூடக்கூட எண் ஏறிக் காட்டும் பேனா அளவுள்ள மின்கடத்துத்திறன் மீட்டரை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கி, முதல் அலசலில் வடியும் நீர், இரண்டாம் அலசல் நீர், மூன்றாம் அலசல் நீர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 6.4, 3.5, 2.6 என்று இறங்கி வந்தது. ஆட்கள் ஒழுங்காகத்தான் அலசியிருக்கிறார்கள். பிறகு மீட்டரைக் கழுவுவதற்காகப் போர்க் குழாயைத் திறந்து அதன் கீழே பிடித்தபோது, திரையில் 2.3 என்று நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். அதே 2.3.

மில்லிசீமென்ஸ் கணக்கில் வரும் இந்த எண்ணைத் தோராயமாக 640-ஆல் பெருக்கினால், ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்பு மில்லிகிராமில் கிடைக்கும். அதாவது எங்கள் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1,470 மில்லிகிராம் உப்பு இருந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. அலமாரியைக் குடைந்து 2013-இல் எடுத்த பரிசோதனைத் தாளைத் தேடிப் பிடித்தேன். அன்றைக்கு அதே போரின் அளவு 0.7 என்று இருந்தது. ஐந்தாண்டில் மூன்று மடங்குக்கு மேல். அந்த உப்பு வேறெங்கிருந்தும் வரவில்லை. நாங்கள் பித்திலிருந்து அலசி எடுத்து மண்ணில் விட்டது, கீழே இறங்கி, எங்கள் மோட்டார் வழியாகவே மேலே வந்து, மறுபடி பித்துக்குள் ஏறிக் கொரியாவரை போயிருக்கிறது.

எங்கள் மில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. நான் பிறந்தது அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். சித்தூர் வட்டத்தில் எங்களைப் போல் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். மாமனார் 1998-இல் மில்லைத் தொடங்கினார். கொங்குப் பக்கம் நாரை மஞ்சி என்போம், மில்லையும் மஞ்சி மில் என்றே சொல்வோம். தேங்காய் மட்டையை நசுக்கி பீட்டர் இயந்திரத்தில் அடித்தால் ஒரு கிலோ மஞ்சி கிடைப்பதற்குள் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் தூள் விழும். அந்தத் தூள்தான் பித். என் தாய்வீட்டுப் பக்கம் அதற்குச் சகிரிச்சோறு என்று பெயர். மாமனார் காலத்தில் அந்தச் சோற்றை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. சாலையோரம் மலைபோல் குவிந்து கிடக்கும். கோடையில் உள்ளுக்குள் கனன்று வாரக்கணக்கில் புகையும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் ஊரெல்லாம் பறக்கும்.

பிறகு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2013-இல் நாங்களும் வங்கிக் கடன் எடுத்து பிளாக் அடிக்கும் பிரஸ் வாங்கி, அரை ஏக்கரில் அலசும் களம் போட்டோம். கடன் விண்ணப்பத்தை எழுதியது நான்தான். கழிவைப் பயன்படும் பொருளாக மாற்றும் சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில் என்று அதில் பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அலசும் களம் வெறும் மண் தரையாக இருந்தது என்பதை விண்ணப்பத்தில் எழுத இடம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தென்னை மட்டையில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை உண்டு. மட்டையைத் தூளாக்கியதும் அவை தூளோடு தங்குகின்றன. நாற்றின் வேருக்கு அந்த உப்பு ஆகாது என்பதால்தான் அலசச் சொல்கிறார்கள். தண்ணீரில் எளிதாகக் கரையும் உப்பு முதல் இரண்டு அலசலில் வந்துவிடும். அதோடு மட்டையின் நிறச்சாறும் சேர்ந்து வருவதால் வடியும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். இந்தத் தொழிலில் பழைய பித்துக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்று நான்கு மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்த குவியலில் உப்பு தானாகக் குறைந்திருக்கும். அலசும் செலவு மிச்சம் என்று தேடிப் போய் வாங்குவோம். அந்த உப்பு எங்கே போயிருக்கும் என்று, என் கையில் 2.3 காட்டிய மீட்டர் இருந்த அந்தக் காலைவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. குவியலுக்கு அடியில் இருந்த நிலம்தான் இலவசமாக அலசிக் கொடுத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு இல்லை. எங்களுக்கு மேற்கே உள்ள தோட்டத்துக்காரர் அதற்கு ஓராண்டு முன்பே வந்து சொன்னார். தன் தோட்டத்து வீடான சாளையிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். லேசான தேத்தண்ணீர் நிறம். “அம்மிணி, இதுல காப்பி வச்சா பால் திரியுதுங்க. மாடு மூஞ்சியத் திருப்பிக்குது. நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க” என்றார். நான் குடிக்கவில்லை. கோடை முடிந்ததும் சரியாகிவிடும் மாமா என்று சொல்லி அனுப்பினேன். அப்போது அதை நான் நம்பித்தான் சொன்னேனா, அவரை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னேனா என்று கேட்டால், இரண்டாவதுதான் உண்மைக்கு அருகில் இருக்கும். பிளாச்சிமடை நான் பிறந்த சித்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு எதிராக, கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று மயிலம்மாவும் அவர் ஊர்ப் பெண்களும் உட்கார்ந்ததையும், 2004-இல் ஆலை நின்றதையும் பார்த்து வளர்ந்தவள் நான். பெரிய கம்பெனிக்காரன் செய்வது அது, நம்மைப் போன்ற சின்ன மில் என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம் எனக்கு எப்படியோ படிந்திருந்தது.

கன்டெய்னர் பணம் போன பிறகுதான் அளக்கத் தொடங்கினோம். முதலில் தண்ணீர். 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்துக் கடிகாரம் பார்த்ததில் 75 விநாடியில் நிறைந்தது. மணிக்கு 9,600 லிட்டர். ஐந்து டன் பித்தை அலசி முடிக்க மோட்டார் எட்டு மணி நேரம் ஓடும். அப்படியானால் ஒரு டன்னுக்கு 15,000 லிட்டருக்கும் மேல் செலவாகிறது. இதை நாங்கள் ஐந்தாண்டாக ஒரு தாளில்கூடக் கணக்குப் போடவில்லை. போர்த் தண்ணீருக்கு யாரும் பில் கொடுப்பதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து மில்கள் பலவற்றில் மீட்டர் இருந்தும் பயன் இல்லாமல் இருக்கிறது. 1.413 என்று முகப்பில் எழுதிய சோதனைக் கரைசல் கடையில் கிடைக்கும். மாதம் இரண்டு முறையாவது அதில் நனைத்து, மீட்டர் அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்தாவிட்டால், அது சொல்வதை நம்பக் கூடாது. பித்தின் உப்பைப் பார்க்கும்போது, கன அளவில் ஒரு பங்கு பித்துக்கு ஒன்றரைப் பங்கு உப்பில்லாத நீர் சேர்த்துக் கலக்கி வடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அந்த ஒன்றரைப் பங்குக்கும் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்படி வரும் எண்ணில் பித்தின் உப்பு எவ்வளவு, போரின் உப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. பத்து லிட்டர் காய்ச்சி வடித்த நீர் வாங்கி வைத்திருந்தால் கன்டெய்னர் கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்து அலசும் முறையை மாற்றினோம். முன்பு மூன்று அலசலுக்கும் புதுத் தண்ணீர். இப்போது ஒரு லாட்டின் (ஒரு தடவைக்கு அலசும் ஐந்து டன்னின்) மூன்றாம் அலசலில் வடியும் நீரைத் தொட்டியில் பிடித்து அடுத்த லாட்டின் இரண்டாம் அலசலுக்கும், இரண்டாம் அலசல் நீரை அதற்கடுத்த லாட்டின் முதல் அலசலுக்கும் விடுகிறோம். அழுக்கு நிறைந்த துணிக்கு முதல் தண்ணீர் எதுவானாலும் போதும், கடைசித் தண்ணீர்தான் சுத்தமாக வேண்டும் என்பது வீட்டில் துணி துவைக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். இந்த ஒரு மாற்றத்தில் புதுத் தண்ணீர் டன்னுக்கு 6,500 லிட்டராக இறங்கியது. அதிலும் காய்ந்த பித் தன் எடையைப்போல் நான்கு மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உலர்ந்துவிடுவதால், உண்மையில் வெளியேறும் காப்பி நீர் டன்னுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர்தான். கையாள முடியாத வெள்ளம் என்று நினைத்திருந்தது, கையாளக்கூடிய அளவுக்குச் சுருங்கியது அப்போதுதான். சுத்திகரிப்பு நிலையம் போடச் சொல்லி விலைப்பட்டியல் கொடுத்த கன்சல்டன்ட் ஒருவர் பழைய 15,000 லிட்டருக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார். முதலில் தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பிறகு விலை கேட்பது நல்லது.

களத்துக்குக் கான்கிரீட் தளமும் சுற்றிலும் வடிகாலும் போட்டோம். வடியும் நீருக்கு 20 சென்ட் நிலத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, கனமான பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டு விழாமல் போட்டு, உப்பளப் பாத்திபோல் அமைத்தோம். மூன்று நாளுக்கு ஒரு லாட் என்ற எங்கள் வேகத்துக்கு, நாள் ஒன்றுக்கு 4,000 லிட்டர் ஆவியாக வேண்டும்; வெயிலும் கணவாய்க் காற்றும் சேர்ந்து மாசியிலிருந்து வைகாசிவரை அதைச் செய்துவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் பாத்தி நிரம்பத் தொடங்கும். ஆகவே ஆனி, ஆடி இரண்டு மாதமும் நாங்கள் அலசுவதில்லை. காய்ந்த பித்தைத் தார்ப்பாய் போட்டு மூடி இருப்பு வைத்துவிடுகிறோம். இந்த இடைவெளி வருமானத்தில் உறைக்கத்தான் செய்கிறது. முதலாண்டு பிடிவாதமாக ஆனியிலும் அலசியதில் ஒரே இரவு மழையில் பாத்தி வழிந்து, மேற்கே அதே தோட்டத்துக்காரரின் வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது. அவர் அன்று எதுவும் பேசாமல் போனதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போர்த் தண்ணீர் இன்னும் உப்பாகவே இருந்ததால், கடைசி அலசலுக்கு வேறு நல்ல நீர் தேவைப்பட்டது. ஆறு மாதம் 12,000 லிட்டர் டேங்கர் வாங்கினோம். லாபம் அத்தனையும் டேங்கர்காரருக்குப் போனது. பிறகு மில்லின் பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக ஒரு விரிப்புக் குட்டைக்கு இறக்கினோம். மழைநீரின் அளவு மீட்டரில் 0.05-க்கு மேல் போவதில்லை. ஆண்டுத் தேவையில் ஒரு பங்கு அதிலேயே ஆகிவிடுகிறது.

இவ்வளவுக்கும் ஆன செலவு ஏழு லட்சம் ரூபாய். இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்த மாற்றத்தால் எங்களுக்கு நேரடியாக மிச்சமானது போர் மோட்டார் ஓடும் நேரம் மட்டும்தான். லாட் ஒன்றுக்கு ஏறக்குறைய 25 யூனிட், அப்போதைய கட்டணத்தில் 160 ரூபாய். ஆண்டுக்கு நூறு லாட் என்று வைத்துக்கொண்டால் 16,000 ரூபாய். ஏழு லட்சத்தைப் பதினாறாயிரத்தால் வகுத்தால் போட்ட பணம் திரும்ப 44 ஆண்டு ஆகும். நான் இந்தத் தாளை வங்கியில் நீட்டியபோது மேலாளர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சுற்றுச்சூழலைக் காத்தால் லாபம் தானாக வரும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட தாள்களை யாருக்கும் காட்டுவதில்லை.

ஆனால் அந்தத் தாளில் நான் ஒப்பிட்டது தவறு என்பது பிறகு புரிந்தது. ஏழு லட்சம் போடாமல் இருந்தால் மில் இன்று இருக்கும் நிலையிலேயே தொடரும் என்று எண்ணிக்கொண்டு மிச்சத்தைக் கணக்கிட்டிருந்தேன். உண்மையில் அது தொடராது. போர் 2.3-லிருந்து 3-க்குப் போகும், உப்புக் குறைந்த பித் என்ற சரக்கே எங்களிடம் இருக்காது. ஆண்டுக்கு இருபது கன்டெய்னர். ஒவ்வொன்றிலும் கால் பங்கு விலை என்றால் 18 லட்சம். மேலாளரிடம் இரண்டாம் தாளைக் கொண்டுபோனேன். கடன் கிடைத்தது, ஆனாலும் முழுத் தொகைக்குக் கிடைக்கவில்லை.

மீதிப் பணம் வேறு வழியில் வந்தது. அளக்கும் பழக்கம் வந்துவிட்டதால் தண்ணீரோடு நிற்காமல் மில் முழுவதையும் அளந்தோம். ஒரு கிலோ பித்தை எடுத்துக் கையால் சலித்துப் பார்த்ததில் 60 கிராம் மஞ்சி உள்ளே கிடந்தது. சல்லடையின் ஓட்டைகள் தேய்ந்து பெரிதாகிப் போயிருந்தன. மஞ்சி பித்தோடு போனால் இரண்டு நஷ்டம்: மஞ்சியும் போகிறது, பித்தின் தரமும் கெடுகிறது. 38,000 ரூபாய்க்குச் சல்லடை மாற்றியதும் அறுபது கிராம் இருபதாக இறங்கியது. ஆண்டுக்கு 500 டன் பித் என்ற கணக்கில் அது 20 டன் மஞ்சி. கிலோ 15 ரூபாய் என்றாலும் மூன்று லட்சம். போட்ட பணம் இரண்டு மாதத்துக்குள் திரும்பியது. 2016-இல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் இறங்கியதிலிருந்தும், கேரளத்து வேர் வாடல் நோய் ஆனைமலைப் பக்கம் பரவியதிலிருந்தும் மட்டை வரத்து முன்போல் இல்லை. கிடைக்கும் மட்டையிலிருந்து எடுக்க வேண்டியதை முழுதாக எடுப்பது இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

மின்சாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் எத்தனை பங்கு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் திறன் காரணி எங்களுக்கு 0.72-இல் கிடந்து, பில்லில் மாதாமாதம் அபராதம் ஏறிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டர் போட்டதும் 0.95-க்கு வந்து அபராதம் நின்றது. விற்க வந்தவர் யூனிட்டும் கால் பங்கு குறையும் என்றார். யூனிட் குறையவில்லை. குறையாது. கெப்பாசிட்டர் அபராதத்தை நிறுத்தும், அவ்வளவுதான். யூனிட்டைக் குறைத்தவை வேறு மூன்று: பீட்டர் டிரம்மின் தேய்ந்த பற்களைச் சரிசெய்தது, தொய்ந்த பெல்ட்டை இறுக்கியது, தேநீர் இடைவேளையில் நாற்பது குதிரைத்திறன் மோட்டாரைச் சும்மா ஓடவிடாமல் நிறுத்தியது. மூன்றாவதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் அதைப் பழக்கமாக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நிறுத்திப் போட்டால் மோட்டார் கெட்டுவிடும் என்று ஆபரேட்டர் நம்பினார். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது இந்த மூன்றும் எங்களைக் கொஞ்சம் காப்பாற்றின.

தூசி விஷயம் சுருக்கமானது. 2017 மார்ச்சில் பேரிங் ஒன்று சூடேறிச் சுற்றிலும் படிந்திருந்த தூசியில் பொறி பிடித்து மூன்று டன் மஞ்சிக் கட்டு எரிந்தது. இப்போது ஷிஃப்ட் முடிவில் கால் மணி நேரம் தூசி துடைக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. காற்று அடிக்கும் பக்கம் பச்சை வலையும் இரண்டு வரிசைச் சவுக்கும் இருக்கின்றன. பேரிங் மாற்றும் செலவு பாதியானது.

தோற்ற முயற்சியும் உண்டு. அலசாமல் மிஞ்சும் மட்டமான பித்தை உரமாக்கலாம் என்று, வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டோம். அறிவியலில் குறை இல்லை; கரி–தழைச்சத்து விகிதத்தை 112-லிருந்து 24-க்கு இறக்கும் முறை அது, எங்களுக்கும் கருகருவென்று நல்ல உரமாகவே வந்தது. ஆனால் நிழல், ஈரம், ஆள்கூலி எல்லாம் சேர்த்தால் அடங்கிய விலையில் வாங்க ஆள் இல்லை. 14 டன் தேங்கியது. எங்கள் தென்னைக்கே போட்டு முடித்தோம். காப்பி நீரில் பொட்டாசியம் இருக்கிறதே, தென்னைக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ பொட்டாஷ் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று, பத்து மடங்கு நல்ல நீர் கலந்து நாற்பது மரத்துக்கு மட்டும் விட்டும் பார்த்தேன். மரம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டாம் ஆண்டு மண் பரிசோதனையில் சோடியம் ஏறியிருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்த பித்துக்கு விலை கூடுதல், ஆர்டரும் வந்தது. ஆனால் அதில் வடியும் நீரில் நைட்ரேட் வரும். பாத்தி ஒருமுறை வழிந்ததைப் பார்த்தவள் என்பதால் அந்த ஆர்டரை நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு இன்றுவரை அதில் வருத்தம் உண்டு.

2021 நவம்பரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. தகவல் மட்டும் கொடுத்தால் போதும் என்றிருந்த தொழில், நீர்ச் சட்டத்திலும் காற்றுச் சட்டத்திலும் இசைவு வாங்க வேண்டிய தொழிலாயிற்று. பொள்ளாச்சி வட்டாரமே கொதித்தது. அதே நேரத்தில் கன்டெய்னர் வாடகை ஏறி, மஞ்சி விலை சரிந்து, பல மில்கள் மூடிக் கிடந்தன என்பதால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம் என்று சிலர் பேசினார்கள். ஆழியாறு மணக்கடவைத் தாண்டி மேற்கே சித்தூருக்குத்தான் போகிறது. அங்கே நிலத்தடி நீர் என்றாலே ஊர் எப்படி எழுந்திருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எங்களைப் பார்க்க வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நீர் எடுக்கிறீர்கள், எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான். மூன்றாண்டு அளவு எழுதிய இரண்டு நோட்டை எடுத்து வைத்தேன். அதற்குப் பின் கேட்டவை எல்லாம் எளிதாக இருந்தன.

சொந்த மில் நடத்துகிற ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சல்லடை, பெல்ட், தூசி ஆகியவற்றிலிருந்து என்றுதான் சொல்வேன். அவை தம் செலவைத் தாமே கொண்டுவரும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, தானாகத் திரும்பாத தண்ணீர் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்து, டேங்கருக்கும் கான்கிரீட்டுக்கும் முதலில் கொடுத்துவிட்டு ஓராண்டு கூலி கொடுக்கத் திண்டாடினோம். இரண்டு வகைச் செலவையும் ஒரே லாபக் கணக்கில் போட்டால், ஒன்றின் லாபம் மற்றதன் நஷ்டத்தை மறைத்துவிடும். எது எதற்காகச் செய்தோம் என்பதே மறந்துபோகும்.

மேற்கே உள்ள தோட்டத்துக்கு 2019-லிருந்து எங்கள் செலவில் தினமும் ஒரு டிராக்டர் டேங்க் நல்ல தண்ணீர் போகிறது; வீட்டுக்கும் மாட்டுக்கும். அது நோட்டில் தனி வரி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவர் சாளைக்குப் போய் அவர் போரையும் அளந்து எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் இரண்டாண்டு எண் அசையவே இல்லை. பிறகு ஒரு மழைக்கு 0.1, ஒரு கோடைக்கு மறுபடி 0.1 ஏற்றம் என்று ஆடி ஆடி இறங்கியது. இப்போதெல்லாம் மீட்டரை அவரே என் கையிலிருந்து வாங்கி நனைத்துப் பார்க்கிறார். போன மாதம் 1.3. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “மாட்டுக்கு இனி அனுப்ப வேண்டாமுங்க அம்மிணி, அது குடிச்சிக்குது. வீட்டுக்கு மட்டும் அனுப்புங்க” என்றார். திரும்பி வந்து நோட்டில் அந்த வரியில் டேங்க்கைப் பாதியாகக் குறைத்து எழுதினேன்.